மனப் பயிற்சியின் படிகள்

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. அம்மியை நகர்த்துவதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. ஓடுகின்ற மனத்தை ஓரிடத்தில் உட்கார வைப்பதே அது. அம்மி நகர மறுக்கும். மனமோ நிற்க மறுக்கும்.

மேல்நிலை வகுப்பில் காலெடுத்து வைத்த நாள்முதல் நாங்கள் மிகுதியாகக் கேட்ட அறிவுரை, "மனத்தை ஒருமுகப்படுத்திப் படியுங்கள்" என்பதாகும். வீட்டில் அப்பா சொன்னார். வகுப்பில் ஆசிரியை சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்தால் பக்கத்து வீட்டு மாமியும் சொன்னார். ஒருமுகப்படுத்தச் சொன்னவர் பலர். எப்படி என்று சொன்னவர் சிலரே. புத்தகத்தைத் திறந்தால் வேதியியல் கண்முன் இருக்கும். மனமோ தாம்பரம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையம் வரை போய்த் திரும்பியிருக்கும். போதாக்குறைக்குக் கைப்பேசியும் வந்து சேர்ந்தது. முன்பு மனம் தானாக ஓடியது. இப்போது அதைக் கூப்பிட்டுக்கொண்டு போகவும் ஆள் இருக்கிறது.

நம்மைப் போன்ற கத்தோலிக்கப் பள்ளி மாணவியருக்குத் 'தியானம்' என்னும் சொல் புதிதன்று. ஆண்டுதோறும் தியான நாட்களில் மௌனம் காக்கிறோம், பிரசங்கம் கேட்கிறோம், பாவசங்கீர்த்தனம் செய்கிறோம். கெபியின் முன் முழந்தாளிட்டு, இனிமேல் நல்ல பெண்ணாக இருப்பேன் என்று வாக்களிக்கிறோம். தியானம் முடிந்த மறுநாளே, பேருந்து நிறுத்தத்தில் பழைய மனம் நமக்காகக் காத்து நிற்கிறது! இது ஏன்? நம் வாக்குறுதி பொய்யானதா? அன்று. ஒரே தாவலில் மாடியை அடைய நினைத்தோம். படிகளை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. மனப் பயிற்சிக்கும் படிகள் உண்டு என்பதை ஆராயவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கணக்கர் கேட்ட கேள்வி

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் வடநாட்டில் சாவத்தி என்னும் நகரம் இருந்தது. அந்நகரின் கிழக்குச் சோலையில் விசாகை என்னும் பெருமாட்டி புத்தருக்கும் அவர்தம் துறவியருக்கும் ஒரு மாளிகை கட்டிக் கொடுத்தாள். அம்மாளிகைக்கு ஒரு நாள் மொகல்லானர் என்ற கணக்கர் வந்தார். (புத்தரின் சீடராகிய மொகல்லானர் வேறு, இவர் வேறு.) அவர் கேட்ட கேள்வியைப் பாலி நூல்கள் நமக்குக் காத்து வைத்துள்ளன. அதன் கருத்து இது:

இந்த மாளிகைக்கு ஏறுவதற்கு ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் இருக்கின்றன. வில்வித்தை கற்பவனும் படிப்படியாகவே கற்கிறான். கணக்கராகிய நாங்களும் எம் மாணாக்கரை முதலில் ஒன்றை எண்ண வைக்கிறோம். பிறகு இரண்டு, மூன்று என்று நூறுவரை கொண்டு செல்கிறோம். உங்கள் நெறியிலும் இப்படிப் படிகள் உண்டா?

உண்டு என்றார் புத்தர். குதிரையைப் பழக்குகிறவன் முதல் நாளே அதன்மேல் ஏறி ஓட்டுவதில்லை. முதலில் கடிவாளத்திற்குப் பழக்குகிறான். அதுபோல மாணவன் முதலில் ஒழுக்கத்தில் நிற்க வேண்டும். பின்னர் கண், காது முதலிய புலன்களைக் காக்க வேண்டும். பின்னர் உணவில் அளவு அறிய வேண்டும். பின்னர் சோம்பலை விட்டு விழித்திருக்கப் பழக வேண்டும். அதன்பின் நடப்பதையும் நிற்பதையும் உண்பதையும் பேசுவதையும் கவனத்தோடு செய்ய வேண்டும். இவ்வளவும் ஆன பிறகே தனியிடம் சென்று அமர்ந்து, ஆசை, வெறுப்பு, சோர்வு, பரபரப்பு, ஐயம் ஆகிய ஐந்து தடைகளை நீக்க முயல வேண்டும்.

இந்த வரிசையைப் படித்தபோது நாங்கள் வியந்தோம். கண்ணை மூடி அமர்வதுதான் முதற்படி என்று எண்ணியிருந்தோம். இங்கோ அது பல படிகளுக்குப் பின்னே வருகிறது! காலையில் அம்மாவிடம் எரிந்து விழுந்து, தோழியைப் பற்றிப் புறம் பேசி, இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடினால் மனம் எப்படி அடங்கும்? அடங்காதது மனத்தின் குற்றமன்று. ஏறாத படிகளின் குற்றமே.

கணக்கர் மீண்டும் கேட்டார்: உங்கள் மாணவர் அனைவரும் முடிவை அடைகிறார்களா? சிலர் அடைகிறார்கள், சிலர் அடைவதில்லை என்று புத்தர் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். இராசகிருகத்திற்கு வழி கேட்கும் இருவருக்கும் ஒரே வழியைத்தான் சொல்கிறோம். ஒருவன் போய்ச் சேருகிறான், மற்றவன் வேறு திசையில் போய்விடுகிறான். வழி சொன்னவர் என்ன செய்ய முடியும்? தாம் வழிகாட்டுபவர் மட்டுமே என்றார்.

திருமுடிவாக்கத்தில் பத்து நாட்கள்

புத்தநெறி தமிழருக்கு அந்நியமானதன்று. கோவலன் மகள் மணிமேகலை காஞ்சி மாநகரில் அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு நோற்றதைச் சீத்தலைச் சாத்தனார் காப்பியமாகவே பாடினார். அந்தக் காஞ்சிக்குப் போகவும் வேண்டா. நம் பக்கத்திலேயே இப்பயிற்சி நடைபெறுகிறது. பல்லாவரத்திற்கு மேற்கே திருநீர்மலை இருக்கிறதன்றோ? அதற்கு அப்பால் தொழிற்பேட்டைக்குப் பெயர்பெற்ற திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' என்னும் விபாசனா தியான மையம் உள்ளது. சேது என்றால் பாலம். தம்மம் என்றால் அறம். அறப்பாலம் என்று நாம் தமிழில் சொல்லலாம்.

இம்முறையை இந்தியாவில் பரப்பியவர் ச. நா. கோயங்கா (1924–2013). பர்மாவில் மாண்டலே நகரில் பிறந்த வணிகர். கடுமையான ஒற்றைத் தலைவலியால் வருந்திய அவர், 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்பாரிடம் சென்றார். ஊ பா கின் துறவியல்லர். பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். பழைய கதையில் கேள்வி கேட்டவரும் கணக்கர். இக்கதையில் விடை சொன்னவரும் கணக்கர்! தலைவலிக்கு மருந்தாக மட்டும் இதனைக் கற்க வேண்டாம் என்று அவர் முதலில் மறுத்தார். மனத்தைத் தூய்மை செய்வதே நோக்கமாக இருக்க வேண்டும். நோய் தீர்ந்தால் அது உடன் வரும் பயன் என்பது அவர் கருத்து. கோயங்கா 1969இல் இந்தியா வந்து வகுப்புகளைத் தொடங்கினார். 1994 ஏப்ரலில் டில்லி திகார் சிறையில் 1,000க்கு மேற்பட்ட கைதிகள் ஒருங்கே இப்பயிற்சியில் அமர்ந்தனர்.

பத்து நாள் பயிற்சியின் ஒழுங்கைக் கவனியுங்கள். கொல்லாமை, களவாடாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை, கற்பொழுக்கம் ஆகிய ஐந்தையும் காப்பதாக வாக்களித்த பிறகே பயிற்சி தொடங்கும். இங்கும் ஒழுக்கமே முதற்படி. ஒன்பது நாட்கள் மௌனம். அதிகாலை 4 மணிக்கு மணியடிக்கும். ஒரு நாளில் சுமார் 10 மணி நேரம் தியானம். முதல் மூன்று நாட்களுக்கு ஒரே வேலைதான்: மூக்கின் வாயிலில் வந்து போகும் மூச்சைக் கவனிப்பது. மூச்சை அடக்குவதில்லை, நீட்டுவதில்லை, வருகிற மூச்சை வருகிறபடியே அறிவது. இதற்கு ஆனாபானம் என்று பெயர். நான்காம் நாள்தான் விபாசனா தொடங்கும். தலைமுதல் கால்வரை உடலில் தோன்றும் உணர்ச்சிகளை, இனிமையானதைப் பிடித்து வைக்காமலும் துன்பமானதைத் தள்ளாமலும், உள்ளது உள்ளபடி பார்ப்பதே அது. பத்தாம் நாள் மௌனம் கலையும். எல்லா உயிர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும் பயிற்சியைக் கற்பர். கட்டணம் இல்லை, முன்பு பயின்றவர் தரும் கொடையாலேயே எல்லாம் நடைபெறுகின்றன.

பத்தே நாட்களில் மூன்று நாட்களை மூச்சுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்படுகிற நமக்கு இதுவே நல்ல பாடம்.

நம் புனிதர்கள் ஏறிய படிகள்

இப்படிப் படிப்படியாக மனத்தைப் பழக்கும் வழி நம் திருச்சபையிலும் உண்டு. லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார் (1491–1556) எழுதிய 'ஆன்மப் பயிற்சிகள்' என்னும் நூலுக்கு 1548இல் மூன்றாம் சின்னப்பர் என்ற பாப்பரசர் ஒப்புதல் அளித்தார். நடத்தலும் ஓடுதலும் உடலுக்குப் பயிற்சி ஆவதுபோல ஆன்மாவிற்கும் பயிற்சி உண்டு என்பது அந்நூலின் தொடக்கம். ஏறத்தாழ 30 நாட்களை நான்கு வாரங்களாகப் பகுத்து, ஒன்றன்பின் ஒன்றாக அழைத்துச் செல்கிறார் அவர். பயிற்சி பெறுவோரின் வயது, கல்வி, ஆற்றல் ஆகியவற்றை அறிந்து அதற்கேற்ப அளவிட்டுத் தர வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். அந்நூலில் அவர் கூறும் செப முறைகளுள் ஒன்று எங்களைப் பெரிதும் கவர்ந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தை மூச்சுக்கு ஒரு சொல்லாகச் சொல்லி, அடுத்த மூச்சு வரும்வரை அச்சொல்லின் பொருளில் நிலைப்பதே அம்முறை. மூச்சும் செபமும் நமக்கும் பகைவரல்லர் என்று அன்று தெரிந்துகொண்டோம்.

அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளை (1515–1582) அறியாதார் யார்? 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டம் பெற்ற முதற் பெண்மணி இவரே. செபிக்கின்ற ஆன்மாவை இவர் ஒரு தோட்டத்திற்கு ஒப்பிட்டார். தோட்டத்திற்கு நீர் பாய்ச்ச நான்கு வழிகள் உண்டு. முதலாவது, கிணற்றிலிருந்து கையால் இறைத்து ஊற்றுவது. உழைப்பு அதிகம், நீர் குறைவு. இரண்டாவது, உருளையும் வாளியும் கொண்ட நீர்ப்பொறியால் இறைப்பது. மூன்றாவது, ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ வாய்க்காலில் பாய விடுவது. நான்காவது மழை, அதில் நம் உழைப்பே இல்லை, இறைவனே பொழிகிறார். கோடையில் குடிநீர் லாரிக்குக் குடத்துடன் வரிசையில் நிற்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த உவமையை விளக்கவும் வேண்டுமோ! தொடக்கக்காரர் அனைவரும் முதல் வகையினர். வாளி ஏறும், இறங்கும், சில நாள் வெறும் வாளியே வரும். வெறும் வாளி வந்தாலும் இறைப்பதை நிறுத்தக் கூடாது.

இவ்வளவு பெரிய புனிதையும் தம் இளமையில் செப நேரம் எப்போது முடியும் என்று கடிகார மணியின் ஓசைக்கே காதைத் தீட்டிக் காத்திருந்ததாகத் தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். பள்ளி மணிக்குக் காத்திருக்கும் நமக்கு இதைவிட ஆறுதல் வேறு என்ன வேண்டும்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புத்தநெறித் தியானமும் கிறிஸ்தவச் செபமும் ஒன்றே என்று நாங்கள் கூறவில்லை. நம் செபம் அன்புத் தந்தையோடு உரையாடுவது. விபாசனாவோ உள்ளதை உள்ளபடி காண்பது. எனினும் பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. இரு நெறிகளும் கூடும் இடம் ஒன்று உண்டு: மனம் ஒரு நாளில் பழகாது, நாள்தோறும் சிறிது சிறிதாகவே பழகும்.

நாங்கள் செய்து பார்த்தது

கேட்டதோடு நில்லாமல் செய்தும் பார்க்க விரும்பினோம். பதினோராம் வகுப்பில் திருநீற்றுப் புதனன்று தொடங்கினோம். மதிய உணவு மணிக்குப் பின் ஐந்து நிமிடம், நிமிர்ந்து அமர்ந்து மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது. தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவது. கணக்கரின் பாடமே எங்கள் பாடம்.

முதல் நாள் ஒருத்தி சிரித்தாள். உடனே வகுப்பே சிரித்தது. இரண்டாம் நாள் மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் எங்கள் எண்ணிக்கையைச் சேர்த்தே தூக்கிக்கொண்டு போயிற்று. ஐந்தாம் நாள் ஒரு தவறு செய்தோம். நன்றாக வருகிறது என்ற பெருமையில் ஐந்து நிமிடத்தைப் பதினைந்தாக்கினோம். கால் மரத்தது, தூக்கம் வந்தது, சலிப்பு வந்தது. எட்டாம் நாள் அமர்ந்தவர்கள் நான்கு பேர்.

எங்கள் வகுப்பாசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "மூன்று நிமிடத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்" என்றார். "பத்து வரை எண்ணவே முடியவில்லை டீச்சர், மூன்றிலேயே மனம் ஓடிவிடுகிறது" என்று முறையிட்டோம். "ஓடிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். "தெரிந்துகொண்ட அந்த நொடியில் மனம் திரும்பி வந்துவிட்டது, பிள்ளைகளா. அதுதான் பயிற்சி. நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பக் கூப்பிடுங்கள், ஆனால் திட்டிக் கூப்பிடாதீர்கள்" என்றார். அன்று முதல், மனம் ஓடுவதைத் தோல்வியாக எண்ணுவதை விட்டோம். உயிர்ப்பு ஞாயிறு வந்தபோது இருபதுக்கு மேற்பட்டோர் நாள்தோறும் அமர்ந்தோம்.

பயனை ஒரு மழைநாளில் கண்டோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீடு முடிச்சூரில் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கியபோது அவள் சிறு குழந்தை. மாடியில் ஓர் இரவு முழுவதும் அம்மாவின் மடியில் கிடந்தவள். பலத்த மழை பெய்தால் இன்றும் அவளுக்குக் கை நடுங்கும். பாடம் காதில் ஏறாது. இவ்வாண்டு கார்த்திகை மழையில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே வானம் இருண்டது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு மறுபடியும் எடுத்து எழுதினாள். வெளியே வந்ததும் கேட்டோம். "பயம் போகவில்லை. ஆனால் பயம் வருகிறது என்று தெரிந்தது. பத்து மூச்சு எண்ணினேன், ஏழாவதில் ஒருமுறை தவறிவிட்டேன், மறுபடி எண்ணினேன். பிறகு கேள்வித்தாள் கண்ணுக்குத் தெரிந்தது" என்றாள். மழையை நிறுத்தும் வல்லமை எந்தத் தியானத்திற்கும் இல்லை. ஆனால் மழைக்கும் நமக்கும் இடையே பத்து மூச்சு இடைவெளி கிடைக்கிறது. அது சிறிய பரிசன்று.

மருத்துவ உலகமும் இதனைக் கவனித்துள்ளது. மூச்சு நிதானமாக நீளும்போது நாடித்துடிப்பு தணிகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் 1979இல் நாட்பட்ட வலியால் வருந்துவோருக்காக இத்தகைய கவனப் பயிற்சியைத் தொடங்கினார். அது எட்டு வாரப் பாடம். அங்கும் படிகளே!

தொடங்க விரும்பும் தங்கையருக்கு

முதல் வாரம் மூன்று நிமிடம் போதும். ஒரே இடம், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகை நிமிர்த்தி அமர்ந்து மூச்சை எண்ணுங்கள். இரண்டாம் வாரம் ஐந்து நிமிடம். மூன்றாம் வாரம் எண்ணுவதை விட்டு மூச்சை மட்டும் கவனியுங்கள். விரும்பினால் மூச்சுக்கு ஒரு சொல்லாகச் செபியுங்கள். நான்காம் வாரம் அமராத நேரத்திலும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து அதைக் கவனத்தோடு செய்யுங்கள். பாத்திரம் துலக்குவதாயினும் சரி, பின்னல் போடுவதாயினும் சரி. பத்து நிமிடத்தைத் தாண்ட அவசரம் வேண்டா. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக அமர வேண்டா; மறுநாளுக்குரியதை மட்டும் செய்யுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தியானம் படிக்காத பாடத்தை நினைவுக்குக் கொண்டுவராது. படிப்பதற்கு மாற்றாக அதை எண்ணாதீர்கள். மற்றொன்று: கண்ணை மூடினால் சிலருக்கு அச்சமோ துயரமோ மிகுதியாகலாம். அப்படியானால் கண்ணைத் திறந்து, பயிற்சியை நிறுத்திவிட்டு, அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். தேவையானால் மருத்துவரைப் பாருங்கள். உதவி கேட்பதும் ஒரு படிதான்.

பரங்கிமலைக்கு ஏறியவர்கள் அங்குள்ள கற்படிகளை அறிவார்கள். முற்காலத்தில் யாத்திரிகர்கள் ஏறுவதற்கு வருந்துவதைக் கண்டு, உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் 18ஆம் நூற்றாண்டில் அப்படிகளை அமைத்துக் கொடுத்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் கட்டித் தந்தவரும் அவரே. படி அமைத்தவர் அவர். ஏறுவது அவரவர் கால்களே. வழி மட்டுமே காட்டுவேன் என்று அந்தக் கணக்கருக்குச் சொன்ன விடையும் இதுதானே?

இந்த ஆண்டோடு நாங்கள் பள்ளியை விட்டுச் செல்கிறோம். எங்கள் இருக்கைகளில் அமரப்போகும் தங்கையரே, மதிய மணி அடித்ததும் அந்த மூன்று நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். விமானம் பறக்கட்டும், ரயில் கூவட்டும், மனமும் சற்று ஓடட்டும். ஓடியதை அன்போடு கூப்பிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணுவோமாக.